அரண்மனைக்கு வியர்த்தது

என் வாழ்நாளில் நான் ஏழு அரண்மனைகள் கட்டியிருக்கிறேன். எதற்கும் பின்பக்கம் கிடையாது. முன்னால் நின்று பார்த்தால் தூண், வளைவு, தங்க மயில். பின்னால் வந்தால் பேக்கிங் பெட்டிப் பலகை, வளைந்த ஆணி, அதில் மாட்டிய என் சட்டை.

ஓவிய ஆசிரியன் என்று சொல்லி எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கரும்பலகையில் நான் குதிரை வரைந்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து “ம்ம்மே” என்று கத்துவார்கள். அதனால்தான் நாடகச் சுவர்கள் பக்கம் ஒதுங்கினேன். சுவருக்குக் கால் கிடையாது, முகம் கிடையாது, தப்பாக வரைய அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தைரியம். ஆறு அரண்மனைகள் என் பேச்சைக் கேட்டன. ஒன்று கேட்கவில்லை. ஒரு பெண்ணின் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்கிற வழக்கு அதன் நடுச்சுவரில், நான் அடித்த ஆணிகளில், தொங்கிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அதன்மேல் மயில் வரைந்தவன் நான்.

எங்கள் பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏரிப்பக்கம் போகிற சாலையில் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். தொழிற்சாலைகளுக்காகச் சுற்றிலும் நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஊருக்கு இயந்திரம் முக்கியம், எனக்கு அது வந்த பெட்டி முக்கியம். நல்ல தேவதாரு பலகை. அம்புக்குறியும், கண்ணாடிக் கோப்பைப் படமும், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தும் அச்சடித்திருக்கும். அங்கே கூலிக்குப் போன அப்பாக்கள் பிரித்த பலகைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் ராஜாவின் கொலுமண்டபத்துக்குப் பின்னால், ‘ஜாக்கிரதை, உடையும்’ என்று ஏதோ ஒரு நாட்டு மொழியில் எழுதியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பலகையைச் சட்டமாக அடித்து, அதன்மேல் காடா துணியை ஆணியடித்துப் பொருத்தி, வஜ்ஜிரப் பசை கரைத்த தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, பிறகு வண்ணம் அடித்தால் அதற்குத் தட்டி என்று பெயர். ஆள் உயரத்தைவிட உயரமான ஐந்து தட்டிகளை இடைவெளி இல்லாமல் நிறுத்திவைத்தால் அரண்மனை. கேட்க சுலபமாக இருக்கிறது அல்லவா? முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. துணியை முழு பலத்தோடு இழுத்து, சுருக்கம் இல்லாமல் ஆணியடித்து, பெருமையோடு பசை பூசிவிட்டு வீட்டுக்குப் போனேன். காய்ந்தபோது துணி மேலும் சுருங்கியது. சட்டம் வில்லாக வளைந்தது. மறுநாள் அரண்மனை முழுவதும் சபையைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

“என்னய்யா,” என்றார் தலைமையாசிரியர். “ராஜாவைவிடச் சுவருக்கு மரியாதை ஜாஸ்தியா இருக்கே.”

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. நடுவில் தொடங்கி, எதிரும் புதிருமாக ஓர் ஆணி, பிறகு ஓர் ஆணி என்று மூலைகளை நோக்கிப் போக வேண்டும். துணி சற்றுத் தொய்வாக, சாப்பிட்டு முடித்த வயிறு மாதிரி இருக்க வேண்டும். மீதியைப் பசை இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் விரலால் சுண்டினால் ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் சுவர் பிறந்துவிட்டது என்று பொருள்.

ஒரு வருடம், ஆண்டுவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, தட்டிகள் அடுக்கியிருந்த அறையைத் திறந்தேன். நான்கு தட்டிகள் இருந்தன. ஐந்தாவதில் சட்டம் மட்டும் இருந்தது. ஆணிகளைச் சுற்றிக் காலணா அளவுக்குத் துணி ஒட்டியிருந்தது, மற்றதெல்லாம் எலி வயிற்றில். முந்தைய வருடம் வஜ்ஜிரம் தீர்ந்துபோனதால் அந்த ஒன்றுக்கு மட்டும் மைதா பசை காய்ச்சியிருந்தேன். மைதா பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும், அப்போதுதான் எலி வாய் வைக்காது. நான் கலக்க மறந்துவிட்டேன். எலிகளுக்கு நானே இலை போட்டுப் பந்தி வைத்திருக்கிறேன்.

போனது நடுத்தட்டி. சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய சுவர். அந்த வருடம் துணிக்கு இனி வழியில்லை என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். என் வேட்டியை மாட்டிப் பார்த்தேன். பின்னால் விளக்கு பட்டதும் உடை மாற்றிக்கொண்டிருந்த மந்திரி முழுவதும் தெரிந்தார். மந்திரி பன்னிரண்டு வயதுப் பையன்தான் என்றாலும் அரசாங்கத்துக்கு அது அழகில்லை.

பள்ளியில் தண்ணீர்ப் பானைகளை நிரப்புகிற அம்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து தினமும் வருவார். நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

“துணிதான சார் பேஜாரு? எங்கூட்ல ஒண்ணு கீது.”

“இதுக்குப் பத்தணுமேம்மா. எம்மாம் பெருசு?”

“ஒரு படகையே இஸ்துகினு போவும். போதுமா?”

மறுநாள் காலை மூட்டையைத் தலையில் சுமந்து வந்து என் முன்னால் இறக்கினார். பிரித்துப் பார்த்தால் படகுப் பாய். காற்றுக்கு விரிக்கிற மூன்று மூலைப் பாய். மரப்பட்டையை அவித்த சாயத்தில் தோய்த்துத் தோய்த்துப் பழுப்பேறிய கெட்டித் துணி. ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஒட்டு, வலை பின்னுகிற நூலால் தைத்தது. அறை முழுவதும் ஏரி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு வாசனை.

“ரெண்டே ரெண்டு வெசயம் சார். வெட்டக் கூடாது. தொவைக்கக் கூடாது.”

“சரிம்மா.”

“மேல பூசிட்டா இன்னா துணின்னு தெர்யாதில்ல? யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்கல்ல?”

பழந்துணி கொடுத்தோமே என்று வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். “என் கலர் மேல பட்டா அந்தத் துணிக்கே தான் யாருன்னு மறந்துபூடும்,” என்றேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. “பாய் இல்லாம உங்க ஊட்டுக்காரர் எப்டிம்மா தொழிலுக்குப் போவாரு?”

“அவுரு போயிகிறாரு சார். வந்தா கேப்பாரு.”

“அப்ப கவலைய வுடும்மா. அவரு வர்ற அன்னிக்கி உரிச்சி அவர் கையிலயே குட்த்துடறேன். போதுமா?”

அந்த அம்மா மூட்டை கட்டிவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். “போதும் சார்,” என்றார். நான் ஆணிப் பெட்டியைத் தேடப் போய்விட்டேன். போய் எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. விளையாட்டாகப் பேசுகிறவனுக்குப் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ள நேரம் இருப்பதில்லை.

பாய்க்கு மூன்று மூலை, சட்டத்துக்கு நான்கு. பாயைத் தரையில் விரித்து, சட்டத்தை அதன்மேல் கவிழ்த்துவைத்து, அதைச் சுற்றி நடந்து நடந்து பார்த்தேன். ஒருவழியாகச் சட்டம் முழுவதும் பாய்க்குள் அடங்குகிற மாதிரி ஒரு நிலை கிடைத்தது. மூன்று மூலைகளும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கீழே இரண்டு மூலைகளையும் மடக்கிப் பின்பக்கம் ஆணியடித்துவிட்டேன். மூன்றாவதுதான் வம்பு. பாயின் தலைமூலை. கயிறு கட்டுகிற இடம் என்பதால் நாலைந்து மடிப்பு வைத்து, ஓரத்தில் கயிறே சேர்த்துத் தைத்திருந்தது. மடக்கினால் முஷ்டி மாதிரி நின்றது. பக்கத்துத் தட்டி நெருங்கி நிற்க மறுத்தது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே மூன்று விரல் சந்து. அந்தச் சந்தில் மறுபடியும் மந்திரி தெரிந்தார்.

இரண்டு நாள் போராடினேன். மூன்றாம் நாள், அந்த அம்மா கிணற்றுக்குப் போன நேரத்தில், கத்திரிக்கோலை எடுத்தேன். ஒரு துண்டு அளவுக்குத்தான் வெட்டினேன். துணி கிழிகிற சத்தம் எனக்குப் பழக்கம்தான். இது அப்படிக் கிழியவில்லை. கத்திரி ஒவ்வொரு முறை கடித்தபோதும் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வெட்டியதைச் சுருட்டி, என் அலமாரியில் வரைபடச் சுருள்களுக்கு அடியில் தள்ளினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பசை பூசினேன். காய்ந்தது. சந்தன நிறம் அடித்தேன், தூண் இழுத்தேன், நடுவில் தோகை விரித்த மயில். சுமாராக வந்த மயில், கொஞ்சம் வான்கோழி ஜாடை இருந்ததை நானே ஒப்புக்கொள்கிறேன். விரலால் சுண்டினேன். ‘டம்’ வரவில்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு ‘ம்’ சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, மயிலின் கழுத்துக்கு மேலே பழுப்பாக ஒரு கறை எழுந்திருந்தது. என் தூரிகை கழுவாத தூரிகை என்று என்னையே திட்டிக்கொண்டு மேலே பூசினேன். மறுநாள் கறை இன்னும் கொஞ்சம் அகலமாக வந்தது. மறுபடியும் பூசினேன். மறுநாள் அதற்குத் தோள்கள் முளைத்திருந்தன. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் கையால் ஒரு மனிதத் தோளை அவ்வளவு சரியாக வரையவே முடியாது.

சாயந்தரம் கடல் காற்று வீசத் தொடங்கினால் இன்னொன்று நடந்தது. சுவருக்கு வியர்த்தது. மற்ற நான்கும் காய்ந்த அப்பளமாக நிற்க, நடுத்தட்டி மட்டும் பொடிப்பொடியாக நீர் அரும்பி, தொய்ந்து, காற்றுக்கு மெல்ல உப்பி அடங்கியது. உச்சி வெயிலில் மறுபடியும் இறுகும்போது சட்டம் முனகும். தேவதாரு பலகைக்குப் படகில் இருந்த அனுபவம் கிடையாது. இருந்தும் அது படகு மாதிரியே முனகியது.

அது நகரவும் செய்தது. சுவரில் சாய்த்துவைத்த தட்டி, ஒவ்வொரு நாள் காலையிலும் கிழக்கு ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பி நின்றது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுவைத்தேன். மறுநாள் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. பாய் அல்லவா, காற்று தள்ளியிருக்கும், இதில் என்ன பூதம் என்று ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டேன். மறுநாள் நாலு விரல். பரவாயில்லை, குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு அந்த அறைக்குள் தனியாகப் போகும்போது வாயில் பாட்டு வந்துவிடும். என் பாட்டைக் கேட்டு யாரும் அந்தப் பக்கம் வராமல் போனதால் நான் இன்னும் தனியானேன்.

தலைமையாசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். “என்னய்யா, ராஜா பின்னால யாரோ நிக்கறான்? இந்த அசிங்கத்தைக் கழட்டிடு. நடுச்சுவர் இல்லாமலே நடத்து.”

சரி சார் என்றேன். பெரிய பாரம் இறங்கியது. குறடை எடுத்து முதல் ஆணியில் வைத்தபோது, “கய்ட்டாத சார்,” என்று பின்னால் குரல் கேட்டது. பானையை இறக்கிவைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே வந்தார்.

“இந்த ஒரு வாரம் இது இங்க இருக்கட்டும். ஊட்ல இருந்தா எங்க மாமா எட்த்துடுவாரு.”

மாமா என்றது கணவரின் அண்ணனை. அன்றுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அவர் கணவர், ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. படகு கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது, அதில் சிக்கிக்கொண்டு இந்தப் பாயும் வந்தது. ஆள் வரவில்லை. உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் உருவம் கட்டி, அவர்கள் கடைசியாகப் புழங்கிய துணியைப் போர்த்தி எரித்துக் காரியம் செய்வது அந்தக் குடும்பத்து வழக்கம். மூத்தவர் நாள் குறித்துவிட்டார். பாய் கிடைத்தால் எரிப்பார். எரித்தால் இந்த அம்மாவின் புருஷன் செத்தவர்.

“பாய எடுக்கச் சொல்லோ ஊட்ல இல்லன்னா, இன்னா பண்ணுவாரு? தேடுவாரு. நாளு போய்டும். அப்பால அட்த்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள வந்துடுவாருன்னு…”

“வரமாட்டாருன்னு யாராச்சும் பாத்தாங்களா சார்?”

அலமாரியில் சுருட்டிவைத்திருக்கும் மூலையைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயைத் திறந்தேன். “இன்னும் ரெண்டு கை பூசிடறேன்மா, எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது,” என்றுதான் அதிலிருந்து வந்தது.

ரெண்டு கை இல்லை, ஐந்து கை பூசினேன். தலைமையாசிரியரிடம் கறை போய்விட்டது என்று சத்தியம் செய்தேன். ஆண்டுவிழா அன்று மதியம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

விழாவை வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் முடிக்க வேண்டும். குப்பத்துக்காரர்கள் திரும்பப் போக பஸ் அப்படி. நாடகம் நீதி தவறாத ராஜா ஒருவரைப் பற்றியது. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். மேலே பெரிய பல்புகள் எரிந்தன. நான் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று மயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் காட்சியில் மயில் மயிலாக இருந்தது. இரண்டாவது காட்சியில் பல்பின் சூடும் கடல் காற்றும் சேர்ந்து வேலையைக் காட்டின. மயிலின் கழுத்து கரைந்தது. ராஜாவின் கிரீடத்துக்கு மேலே பழுப்பாகத் தோள்கள் எழுந்தன. நடுவே, உள்ளங்கை அகலத்தில், வலைநூல் தையலோடு அந்த ஒட்டு, தைத்தவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெளிவாக.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை.

“யோவ், குந்துய்யா! மறைக்குது!”

அவர் உட்காரவில்லை. கலாட்டாவும் செய்யவில்லை. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாடகம் முடிகிறவரைக்கும் நின்றபடியே இருந்தார். அத்தனை வசனத்தையும் ராஜா அவரைப் பார்த்தே பேசி முடித்தான்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். தண்ணீர்க்கார அம்மா அதற்கு முன்பே வந்து தூணோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கணவரின் அண்ணனோடு அந்த வீட்டுப் பெண்கள் நேராகப் பேசுவதில்லை. அவரும் தம்பி மனைவியிடம் நேராகப் பேச மாட்டார். நடுவில் ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் நான்.

“வாத்தியாரே, இது என் தம்பி பாயி. அந்த ஒட்டு நான் போட்டது. நீ அட்ச்ச ஆணி, நீயே புடுங்கு.”

“புடுங்க வாணாம்னு அவராண்ட சொல்லு சார்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “புடுங்க வேணாம்னு…”

“கேக்குது வாத்தியாரே. நான் இன்னா செவுடனா? அவளாண்ட சொல்லு. அவன் அலைஞ்சிக்கினு கீறான். காத்து அடிக்கிற அன்னிக்கில்லாம் வந்து கதவத் தட்றான். எங்கம்மா எய்ந்து எய்ந்து போயி தொறக்குது. மூணு வருஷமா ஒரு கெய்வி எத்தினி தபா கதவத் தொறக்கும்?”

“தட்னா தொறக்கத்தான் வோணும்னு சொல்லு சார்.”

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. குறடு என் கையில் இருந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

“இத்த நான் அவர் கையிலதான் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்,” என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“எவர் கையில?”

“உங்க தம்பி கையில.”

அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் நடுத்தட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை நனைந்திருந்தது. சந்தன நிறமும் மயில் நீலமும் அதில் ஒட்டியிருந்தன. பிறகு, படகு பார்க்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி, தட்டியின் பின்பக்கம் போனார். மடக்கி அடித்த மூலைகளை விரலால் தடவினார். ஒன்று. இரண்டு. மேலே தடவிக்கொண்டே போன கை நின்றது.

“தலைமூலை எங்க?”

காலம் முழுவதும் பின்பக்கம் இல்லாத வீடு கட்டியே பிழைத்துவிடலாம் என்று நினைத்தவனை அவர் இரண்டே நிமிடத்தில் பின்பக்கமாக வந்து பிடித்துவிட்டார்.

அலமாரிக்குப் போய்த் திரும்பி வர எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. சுருளைப் பிரித்தபோது உப்பு பொடியாக உதிர்ந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னை.

“வெட்டமாட்டேன்னு சொன்னியே சார்.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

மூத்தவர் அந்த மூலையை வாங்கி, கயிறு தைத்த ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினார். வெளியே பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. “இந்தக் கயித்தத்தான் அவன் புட்ச்சிகினு இருப்பான்,” என்றார். பிறகு தூணைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு இது போதும். மீதி அவளுக்கு இருக்கட்டும்னு சொல்லு வாத்தியாரே.”

நான் சொன்னேன். அந்த அம்மா பானைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்க்கப் போனார். அது பள்ளிக்கூடம் முடிந்த நேரம்.

குறித்த நாளில் காரியம் நடந்தது. வைக்கோல் உருவத்துக்கு அந்தத் துண்டு முழுவதும் போர்த்தப் போதவில்லையாம். முகத்துக்கு மட்டும் சரியாக இருந்ததாம். நான் வெட்டிய அளவு.

அடுத்த வாரம் அந்த அம்மா வேலைக்கு வந்தார். குங்குமம் இருந்தது. ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிழவி கதவைத் திறப்பதை நிறுத்தினாரா என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். அதுவரை என் மேஜையில் தம்ளரை வைத்து, “தண்ணி வெச்சிகிறேன் சார்,” என்பவர், அன்றிலிருந்து ஜன்னலைப் பார்த்து, “தண்ணி வெச்சிகிதுன்னு சொல்லு,” என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. நானும் ஜன்னலைப் பார்த்து, “சரின்னு சொல்லு,” என்றேன். ஆறு வருடம் அந்த ஜன்னல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசியது.

நடுத்தட்டியை அதன் பிறகு மேடை ஏற்றவில்லை. உரிக்கவும் இல்லை. எடுத்து எரித்துவிடு என்று தலைமையாசிரியர் ஒருமுறை சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து அவரே பயந்துபோனார். வண்ணம் வருடத்துக்கு வருடம் உதிர்ந்தது. மயில் போனது, தூண் போனது. பழுப்பு மட்டும் நின்றது.

எழுபதுகள் முடிகிற நேரத்தில் எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தது. வேப்பம்பட்டில் ஒரு சின்ன வீடு பார்த்தோம். எனக்குப் பின்னால் வருகிற ஓவிய ஆசிரியர் குதிரை வரையத் தெரிந்தவராக இருக்கலாம். சுத்தபத்தமானவராகவும் இருக்கலாம். அந்தத் தட்டியை அவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. மேஜை, ட்ரங்குப் பெட்டி, தட்டி என்று லாரியில் ஏற்றினேன்.

அந்த அம்மா ஓட்டமாக வந்தார். லாரிக்குப் பக்கத்தில் நின்று, துணியில் ஒரு விரலை அழுத்தி, அந்த விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு அப்டியே கீது,” என்றார்.

சுற்றிலும் ஜன்னல் எதுவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“தொவைக்கலம்மா,” என்றேன். “அந்த ஒண்ணயாச்சும் காப்பாத்தினேன்.”

“தெரியும் சார்.” முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். “எட்த்துகினு போ. உன் அட்ரஸ எய்திக் குடு. வந்தாருன்னா அங்க அனுப்புறேன்.”

சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் வேப்பம்பட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது என்பதையும், குழப்பம் இல்லாமல், படம் போட்டுக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக வரைந்த படம் அதுவாகத்தான் இருக்கும்.

தட்டி இப்போதும் என் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. விருந்தாளிகள் கேட்டால் கலைப்பொருள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மழை வருவதற்கு முதல்நாள் அதற்கு வியர்க்கும். துணி காயப்போடலாமா என்று என் மனைவி பார்ப்பது வானத்தை இல்லை, அதைத்தான். மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிறபோது, “இத்த எதுக்கு இப்டி கெயக்கால திருப்பித் திருப்பி வெக்கிறீங்க?” என்று என்னைக் கேட்கிறாள். நான் தொடுவதில்லை என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

விடிகிற நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் வீட்டில் முதலில் எழுகிறவன் நான்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, குறடு இருக்கிற இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, போய்த் திறப்பேன்.

இதுவரைக்கும் பால்காரர்தான்.